பஸ்ஸில் பேசிய பேச்சு



அக்கரப்பத்தனையிலிருந்து தலவாக்கலைக்குப் பஸ்ஸில் போகும்போது அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு சகோதரியின் பிரச்சினையைக் கேட்டார்கள். பெயரைச் சொல்லாமல்தான் பதில் சொன்னேன். "மேற்பிரிவு, வன்னியிலிருந்து திரும்பி வந்தவர், கணவர் அடித்துக் கை முறிந்தது" என்றேன். பின் இருக்கையில் அதே தோட்டத்துக்காரர் இருந்திருக்கிறார். பொழுது சாய்வதற்குள் லயம் முழுவதும் கதை பரவிவிட்டது. அந்தச் சகோதரி அதன்பின் என்னிடம் வரவேயில்லை.

தோட்டத்தில் ஒருவரைக் காட்டிக்கொடுக்கப் பெயர் தேவையில்லை. ஓர் அடையாளம் போதும்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், விண்ணப்பம் செய்தவரை அடையாளம் காட்டும் விபரங்களை அச்சிட்டு வெளியிடுவதைத் தடுக்கிறது. பஸ்ஸில் வாயைக் காப்பது எங்கள் பொறுப்பு. இப்போது, "இறங்கியதும் பேசுகிறேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். கடையிலோ, கொழுந்து மடுவத்திலோ எந்த உத்தியோகத்தராவது உங்கள் விடயத்தைக் கேட்டால், "இங்கே வேண்டாம், தனியே பேசுவோம்" என்று சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவல்ல, உங்கள் உரிமை. 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை அழைப்பதென்றாலும், அடுத்த காம்பிராவுக்குக் கேட்காத இடமாகப் பார்த்துப் பேசுங்கள்.