இன்ஜின் இறக்கியாச்சு... கியர்பாக்ஸையும் பிரிக்கலாமா?

சேலத்தில் ஒரு மெக்கானிக் ஷெட். பானட்டைக் கழற்றிய நிலையில் நிற்கிறது 1984 மாடல் அம்பாஸிடர் மார்க் 4. நீலப் புகை கக்கி, லிட்டர் லிட்டராக ஆயில் குடித்துக்கொண்டிருந்த 1489 சிசி இன்ஜின், போர் போடுவதற்காக லேத் பட்டறைக்குப் போயிருக்கிறது. மெக்கானிக் காத்திருப்பது ஒரே ஒரு பதிலுக்காக.

“சார், இன்ஜின் வெளிய வந்தாச்சு. இன்னும் கொஞ்சம் போல்ட்டுதான், கியர்பாக்ஸும் கீழ வந்துடும். இப்பவே பிரிச்சுப் பார்த்துடலாமா? அப்புறமா பார்க்கணும்னா மறுபடியும் முதல்லேர்ந்து கூலி ஆகும்.”

காரின் உரிமையாளர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தயங்கினார். இன்ஜினுக்கென்று எடுத்து வைத்த பணம் இன்ஜினுக்கே சரியாக இருக்கிறது. மிச்சமிருப்பது மனைவியின் கண்புரை ஆபரேஷனுக்கான தொகை. “கியர்பாக்ஸ்ல ஒண்ணும் தொந்தரவு இல்லப்பா. நல்லாத்தான் இருக்கு” என்றார்.

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தார். “என்னங்க, ஏற்காட்டுலேர்ந்து இறங்கறப்போ ரெண்டாவது கியர்ல லிவரை ஒரு கையால பிடிச்சுக்கிட்டேதானே ஓட்டுவீங்க? விட்டா கழண்டுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?”

ஷெட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சத்தம் வேறு, நழுவல் வேறு

பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் வரும் கேள்விதான் இது. ‘இறக்கினதுதான் இறக்கியாச்சு, எல்லாத்தையும் புதுசாக்கிடலாம்’ என்பது ஒரு கட்சி. ‘ஓடறதை ஏன் நோண்டணும்?’ என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. முடிவு சொல்ல வேண்டியது கியர்பாக்ஸ் காட்டும் அறிகுறிகள்தான்.

அம்பாஸிடரின் 4 ஸ்பீடு கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. ஆகவே, வண்டி உருளும்போது முதல் கியர் போட்டால் ‘கரகர’ என்பது நோய் அல்ல, அதன் பிறவிக் குணம். இரண்டாவது கியருக்கு இறக்கும்போது கரகரத்தால் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம். கிளட்ச் முழுதாக விலகாவிட்டாலும் இதே சத்தம் வரும் என்பதால், முதலில் கிளட்ச்சைப் பார்க்க வேண்டும்.

முதல் மூன்று கியரிலும் ‘ஊ...’ என்ற ஓலம், நாலாவதில் மட்டும் அமைதியா? நாலாவது கியரில் இன்ஜினின் சக்தி நேராகப் பின்பக்கம் போய்விடும். மற்ற கியர்களில் அது லே ஷாஃப்ட் வழியாகச் சுற்றிப் போகும். எனவே, சந்தேகம் லே ஷாஃப்ட் மேலும் அதன் பேரிங்குகள் மேலும்தான்.

இந்தச் சத்தங்களோடு கொஞ்ச காலம் ஓட்டலாம். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் கியர் தானாக நியூட்ரலுக்கு நழுவுவது வேறு கதை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் வேகத்தைப் பிடித்துவைப்பது பாதி பிரேக் என்றால், பாதி கியர். மார்க் 4-ல் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். கியர் நழுவினால் மொத்தச் சுமையும் பிரேக் மேல் விழும். சூடேறிய டிரம் பிரேக் மிதித்தாலும் சரியாகப் பிடிக்காது.

மூடியைத் திறந்தால் தெரியும்

“இன்ஜினை இறக்கறதுக்கு முன்னாடியே நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்திருக்கணும் சார். என் தப்புதான்” என்றார் மெக்கானிக். “அம்மா சொன்னது நல்லதாப்போச்சு. முழு வேலைன்னு இப்பவே முடிவு பண்ண வேணாம். முதல்ல திறந்து பார்ப்போம்.”

முதலில் ஸ்டீயரிங் அடியில் இருக்கும் கியர் லிவரின் லிங்கேஜைப் பார்த்தார். அதன் புஷ் தேய்ந்து ஆட்டம் கண்டாலும் கியர் முழுதாக விழாது, நழுவும். இங்கே புஷ் தேய்ந்துதான் இருந்தது. ஆனால், குற்றவாளி அது மட்டும் இல்லை.

அடுத்து, கியர்பாக்ஸ் ஆயிலை ஒரு தட்டில் வடித்து, காந்தத்தை விட்டுத் துழாவினார். மஞ்சளாக மின்னும் பொடி பித்தளை சிங்க்ரோ ரிங்கின் தேய்மானம். காந்தத்தில் இரும்புச் சில்லுகள் ஒட்டினால்தான் பல்லோ பேரிங்கோ உடைகிறது என்று அர்த்தம். அன்று மஞ்சள் பொடியோடு, மெல்லிய இரும்புச் செதில்களும் வந்தன.

மூடியைத் திறந்ததும் மீதி விளங்கியது. கியரைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. லே ஷாஃப்ட்டில் பேரிங் ஊசிகள் ஓடும் இடம் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தது. கியர் பற்கள் மட்டும் முனை மழுங்காமல் அப்படியே இருந்தன.

“பல்லுல கை வைக்கக் கூடாது சார். ஒண்ணோட ஒண்ணு தேய்ஞ்சு பழகின ஜோடி. ஒண்ணை மட்டும் மாத்தினா புதுசா சத்தம் வரும்.”

ஆக, புது லே ஷாஃப்ட், ஊசி பேரிங்குகள், ஸ்பிரிங், இரண்டாவது கியர் சிங்க்ரோ ரிங், லிங்கேஜ் புஷ், ஆயில் சீல்கள். கிளட்ச் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் இன்ஜின் கணக்கில் ஏற்கெனவே இருந்தன. முழு ஓவர்ஹாலுக்குப் பயந்த தொகையில் சிறு பங்குதான் வந்தது. அம்பாஸிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டதால், உதிரிபாகங்களுக்குச் சென்னை ஜி.பி. ரோட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

பிரிப்பதற்கு முன்...

* இன்ஜினை இறக்கும் முன்பே மேடு, இறக்கம் இரண்டிலும் ஓட்டிப் பார்த்து, எந்த கியரில் என்ன கோளாறு என்று எழுதிவையுங்கள்.
* கோளாறே இல்லாத கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டாம். சீல், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் மாற்றினால் போதும். நல்ல பழைய பாகத்தை எடுத்துவிட்டு மட்டமான டூப்ளிகேட்டைப் போடுவதுதான் பெரிய நஷ்டம்.
* பித்தளை ரிங் உள்ள பழைய கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தர ஆயில் பாதுகாப்பானது.
* புது இன்ஜின் அமைதியாக ஓடும்போது, அதுவரை கேட்காத கியர் சத்தம் காதில் விழும். உடனே மெக்கானிக்கைத் திட்ட வேண்டாம்.

முதலில் நடந்தது கண் ஆபரேஷன்தான். அதுவரை கார் ஷெட்டிலேயே இருந்தது. அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஏற்காடு போய் இறங்கினார்கள். இரண்டாவது கியர். லிவரின் மேல் கை இல்லை.

“இப்பவாவது ரெண்டு கையாலயும் ஓட்டுறீங்களே” என்றார் மனைவி.