சாவி இரண்டு, பாதை ஒன்று

இந்த வாரத் தபாலில் வந்த ஒரு கடிதம் இரண்டு நாளாக என்னைத் தூங்க விடவில்லை. மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். சரி, ஒரு நாள் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

எழுதியவர் மாம்பலத்துச் சகோதரி ஒருவர். வயது 58. பெண்ணும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் விர்ஜீனியா மாகாணத்தில் குடித்தனம் செய்கிறார்கள். 5 வயதில் ஒரு பேரன். அம்மாள் அங்கே போனதும் எல்லோருமாக ஒரு வாரம் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்குப் போவதாக ஏற்பாடு. தங்குவது ஓட்டலில் அல்ல. வாடகைக்கு எடுத்த 'ஆர்.வி.'யில். அதாவது வீட்டு வண்டி. பஸ் மாதிரி நீளமாக இருக்கும். உள்ளே படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. அதை முகாம் மைதானத்தில் நிறுத்திவிட்டு, சின்னக் காரை வைத்துக் கொண்டு, மாப்பிள்ளை தினம் ஒரு பகுதியாக மலைப் பாதையில் நடக்கப் போகிறார். பெண் அவரைக் காலையில் கொண்டு போய் விட்டு, சாயங்காலம் போய் அழைத்து வர வேண்டும். அம்மாள் சமையலையும் பேரனையும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

“இதில் கஷ்டம் ஒன்றுமில்லை. வண்டியில் சமைத்தால் என்ன, வீட்டில் சமைத்தால் என்ன? ஆனால் என் பெண் கல்லூரி நாளில் மலையேறும் கோஷ்டியில் இருந்தவள். இந்தத் திட்டத்தைச் சொல்லும்போது டெலிபோனில் அவள் குரல் கொஞ்சம் இறங்கிப் போயிற்று. நடக்க ஆசை என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் என்ன சொல்வது?” என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பழனி ஞாபகம் வந்தது. சின்ன வயதில் நாங்கள் குடும்பத்தோடு போகும்போதெல்லாம் மலையடிவாரத்தில் மூட்டை முடிச்சுகளுக்குக் காவலாக யாராவது ஒருவர் உட்கார வேண்டும். அந்த 'யாராவது ஒருவர்' எல்லாத் தடவையும் என் சித்தியாகவே இருந்தார். “நீங்கள் போய்விட்டு வாருங்கள், எனக்கு முழங்கால் வலி” என்பார். அந்தச் சித்தி வீட்டு மாடிப்படியைத் தினம் இருபது தடவை ஏறி இறங்கியவர் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது.

போகட்டும். இந்தப் பெண் மூட்டைக்குக் காவலாக உட்காரத் தேவையில்லை. அதற்கு ஒரு சுலபமான உபாயம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த மலையின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் அப்பலாச்சியன் டிரெயில் என்று ஒரு நெடும் நடைபாதை இருக்கிறது. ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் ஆரம்பித்து, மேய்ன் மாகாணத்தில் கடாடின் மலை உச்சியில் முடிகிறது. சுமார் 2,200 மைல். 14 மாகாணங்களின் வழியாகப் போகிறது. பெண்டன் மக்காய் என்பவர் 1921-ல் இந்த யோசனையை வெளியிட்டார். 1937-ல் பாதை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒன்று சேர்ந்தது. ஒரே மூச்சில் முழுவதும் நடக்கிறவர்களுக்குப் பொதுவாக ஐந்து முதல் ஏழு மாதம் பிடிக்கிறது. வேலை வெட்டி உள்ளவர்கள் வருஷத்துக்குக் கொஞ்சமாக நடக்கிறார்கள்.

இந்தப் பாதையில் சுமார் 101 மைல் ஷெனாண்டோவா பூங்காவுக்குள் போகிறது. அதே மலை முதுகின்மேல் ஸ்கைலைன் டிரைவ் என்று ஒரு சாலையும் போகிறது. அது 105 மைல். விசேஷம் இங்கேதான். நடைபாதையும் கார் சாலையும் ஜடை பின்னின மாதிரி பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. இரண்டு டஜன் இடங்களுக்கு மேல் ஒன்றை ஒன்று வெட்டுகின்றன. ஆகவே நாலு மைலில் கால் வலித்தாலும் நிறுத்தலாம், பத்து மைல் நடக்கத் தெம்பிருந்தாலும் நடக்கலாம். எங்கேயாவது ஓரிடத்தில் சாலை வந்து காப்பாற்றும். முதுகில் கூடாரம், படுக்கை, ஐந்து நாள் சாப்பாடு என்று சுமக்க வேண்டியதில்லை. தண்ணீர், மழைச் சட்டை, மத்தியானச் சாப்பாடு, இவ்வளவு போதும். ராத்திரி வண்டிக்குத் திரும்பி வெந்நீரில் காலை நனைத்துக் கொள்ளலாம்.

“சுமை இல்லாமல் நடப்பது ஒரு நடையா? இது கணக்கில் சேருமா?” என்று மாப்பிள்ளை கேட்கக் கூடும். தாராளமாகச் சேரும். இந்தப் பாதையைப் பராமரிக்கும் அப்பலாச்சியன் டிரெயில் கன்ஸர்வன்ஸி, முழுப் பாதையையும் முடித்தவர்களை '2,000 மைல்காரர்' என்று பதிவு செய்கிறது. ஒரே வருஷத்தில் முடித்தீர்களா, இருபது வருஷம் ஆயிற்றா, வடக்கே பார்த்து நடந்தீர்களா, தெற்கே பார்த்தா, முதுகில் மூட்டை இருந்ததா என்பதையெல்லாம் அவர்கள் கேட்பதில்லை. நடந்தேன் என்று நாணயமாகச் சொன்னால் நம்புகிறார்கள்.

இனி முகாமுக்கு வருவோம். வீட்டு வண்டி நிற்கக் கூடிய இடங்கள் பூங்காவுக்குள் நாலு இருக்கின்றன. வடக்கு வாசலிலிருந்து மைல் கல் எண்ணிக் கொண்டு வந்தால் 22-ல் மாத்யூஸ் ஆர்ம், 51-ல் பிக் மெடோஸ், 57-ல் லூயிஸ் மௌண்டன், 79-ல் லாஃப்ட் மௌண்டன். முதலாவதைத் தவிர மற்ற மூன்றையும் நடைபாதை உரசிக் கொண்டே போகிறது.

லூயிஸ் மௌண்டனைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று அது மரங்களுக்கு நடுவே அமைதியான சின்ன இடம். 1939-ல் திறந்தபோது அது கறுப்பு இனத்தவருக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. பெயர்ப் பலகையிலேயே அப்படி எழுதியிருந்தார்கள். 1950-ல்தான் பூங்காவில் அந்தப் பாகுபாடு அடியோடு ஒழிந்தது. அழகான இடங்களுக்கும் இப்படிப் பழைய கதைகள் உண்டு.

மாம்பலத்துக் குடும்பத்துக்கு நான் சிபாரிசு செய்வது பிக் மெடோஸ். சுமார் 3,500 அடி உயரம். காசு போட்டுக் குளிக்கும் அறை இருக்கிறது. சாமான் கடை இருக்கிறது. சாலைக்கு எதிர்ப்புறம் விஸ்தாரமான புல்வெளி. விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் மான்கள் வந்து மேயும்.

இப்போது உபாயத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். பிக் மெடோஸிலிருந்து தெற்கே லூயிஸ் மௌண்டன் வரை சாலையில் 6 மைல் சொச்சம். நடைபாதையில் சுமார் 8 மைல். காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளை முகாமிலிருந்து தெற்கே நடக்க ஆரம்பிக்கிறார். அதே நேரத்தில் பெண் காரை எடுத்துக் கொண்டு லூயிஸ் மௌண்டனுக்குப் போகிறாள். அந்தச் சாலையில் மணிக்கு 35 மைலுக்கு மேல் போகக் கூடாது. போனாலும் கால் மணிதான் ஆகும். அங்கே காரைப் பூட்டிவிட்டு அவள் வடக்கே பார்த்து நடக்கிறாள். நடுவழியில், 3,812 அடி உயரமுள்ள ஹேஸல்டாப் சிகரத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ, இரண்டு பேரும் சந்திக்கிறார்கள். உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பிறகு அவரவர் வழியே புறப்படுகிறார்கள். மாப்பிள்ளை காரை அடைந்து ஓட்டி வருகிறார். பெண் நடந்தே முகாமுக்கு வந்து சேருகிறாள். இரண்டு பேரும் ஒரே பாதையை முழுசாக நடந்தாயிற்று. ஒருவரும் ஒருவருக்காகச் சாலை ஓரத்தில் காத்திருக்கவில்லை.

மறுநாள் வடக்கே. ஸ்கைலேண்ட் வரை இதே மாதிரி எட்டு மைல் சுமார். இந்தத் தடவை மாப்பிள்ளை காரோடு போகட்டும்.

அங்கே நடப்பவர்களுக்கு இது பழைய வழக்கம். 'சாவி மாற்றிக் கொள்வது' என்று பெயர். இரண்டு கோஷ்டிகள் இரண்டு காரோடு எதிரெதிரே நடந்து, நடுவில் சாவியைக் கைமாற்றிக் கொள்வதும் உண்டு. ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒரே சாவியை வைத்துக் கொண்டு இந்த வித்தையைச் செய்யாதீர்கள். ஒருவர் காட்சி பார்க்கப் பாதையை விட்டு நாலு கஜம் விலகியிருப்பார். மற்றவர் கவனிக்காமல் கடந்து போய்விடுவார். பிறகு பூட்டிய காருக்குப் பக்கத்தில் கணவர், ஆறு மைலுக்கு அப்பால் கைப்பையில் சாவியோடு மனைவி! அன்றைய சாயங்காலச் சம்பாஷணையை நான் எழுத விரும்பவில்லை. ஆளுக்கு ஒரு சாவி இருக்கட்டும். மலைமேல் செல்போன் பல இடங்களில் எடுக்காது. ஆகையால் “இத்தனை மணிக்குள் வராவிட்டால் ரேஞ்சரிடம் சொல்வது” என்று காலையிலேயே பேசி வைத்துக் கொள்ள வேண்டும்.

பாதை தவறுமோ என்று பயப்பட வேண்டாம். மரங்களில் 2 அங்குல அகலம், 6 அங்குல நீளத்துக்கு வெள்ளை வர்ணப் பட்டை தீட்டியிருப்பார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பட்டை இருந்தால் ஜாக்கிரதை, பாதை திரும்புகிறது என்று அர்த்தம். நீலப் பட்டை என்றால் கிளைப் பாதை.

சகோதரி, உங்கள் இலாகாவுக்கு வருகிறேன். இந்தப் பூங்காவின் முகாம்களில் வண்டிக்கு மின்சார இணைப்பு கிடையாது. குழாய் இணைப்பும் கிடையாது. ஜெனரேட்டர் வைத்துக் கொள்ளலாம், ஆனால் குறிப்பிட்ட நேரங்களில்தான் ஓட்டலாம். ஆகையால் எலக்ட்ரிக் குக்கரையும் மிக்ஸியையும் நம்பி இட்லிக்கு ஊறப் போட்டுவிடாதீர்கள். வண்டியில் காஸ் அடுப்பு இருக்கும். பிரஷர் குக்கர் ஒன்று எடுத்துப் போனால் போதும். சாம்பார் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் வீட்டிலேயே தயாராகட்டும். நடக்கிறவர்களுக்குப் புளியோதரையை மிஞ்சிய கட்டுச் சாதம் எது? பாத்திரம் கழுவின தண்ணீரை வெளியே வீசிக் கொட்டக் கூடாது. அது வண்டியின் அடித் தொட்டியில் சேரும். அதைக் காலி செய்யத் தனி இடம் இருக்கிறது.

இன்னொன்று, கரடி. அந்த மலையில் கறுப்புக் கரடிகள் நிறைய. வெளி மேஜையில் சாப்பிட்டுவிட்டு அப்பளம் மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டு வருவதென்பது கூடவே கூடாது. உணவுப் பண்டம் எதுவாயிருந்தாலும் வண்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். நடந்து வந்தவர்கள் காலிலும் கழுத்திலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்றும் தினம் பார்த்துவிடுங்கள். கரடியை விட அதுதான் நிஜமான தொந்தரவு. 'லைம்' என்ற ஜுரம் அதனால் வருகிறது.

மாப்பிள்ளையிடம் மறக்காமல் கேட்க வேண்டியது வண்டியின் உயரம். வடக்கேயிருந்து வந்தால் 32-ஆவது மைலில் மலையைக் குடைந்த ஒரு குகைவழி வருகிறது. அதன் உயரம் 12 அடி 8 அங்குலம். வண்டி அதற்கு மேல் இருந்தால் தெற்கேயுள்ள ஸ்விஃப்ட் ரன் கேப் வாசல் வழியாக வர வேண்டும். முகாமில் இடமும் மாதக் கணக்கில் முன்னாலேயே பதிவு செய்தாக வேண்டும். அதிலும் அக்டோபரில் இலைகள் சிவக்கும் சமயத்தில் ஊரே அங்கேதான் இருக்கும்.

பெண்ணுக்கு வழி சொல்லியாயிற்று. உங்களுக்கு? கடிதத்தில் உங்களைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. அதனாலேயே நான் சொல்கிறேன். ஒஹையோ மாகாணத்தில் எம்மா கேட்வுட் என்று ஒரு பாட்டி இருந்தாள். 11 குழந்தைகளைப் பெற்றவள். முரட்டுப் புருஷனிடம் பல வருஷம் அடிபட்டவள். ஒரு பத்திரிகையில் இந்தப் பாதையைப் பற்றிப் படித்தாள். 1954-ல் புறப்பட்டு, மேய்ன் காட்டில் வழி தவறித் திரும்பினாள். மறு வருஷம், 67-ஆவது வயதில், சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று குழந்தைகளிடம் சொல்லிவிட்டு மறுபடி கிளம்பினாள். காலில் சாதாரணக் கான்வாஸ் ஜோடு. தோளில் தானே தைத்த துணிப்பை. 1955 செப்டம்பரில் கடாடின் உச்சியில் போய் நின்றாள். ஒரே பருவத்தில் தனியாக முழுப் பாதையையும் நடந்த முதல் பெண்மணி அவள்தான். முகாமும் இல்லை, காரும் இல்லை. பிறகு 1957-ல் இன்னொரு தடவையும் நடந்தாள்!

உங்களை அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. ஒரு நாள் பெண்ணும் மாப்பிள்ளையும் பேரனைப் பார்த்துக் கொள்ளட்டும். சமையலுக்கும் அன்று விடுமுறை விட்டுவிடுங்கள். 43-ஆவது மைலில் லிம்பர்லாஸ்ட் என்று 1.3 மைல் சுற்றுப் பாதை, சக்கர நாற்காலி போகிற மாதிரிச் சமமாகப் போட்டிருக்கிறது. அதை முதலில் நடந்து பாருங்கள். கால் ஒத்துக் கொண்டால் அடுத்த நாள் முகாமிலிருந்தே வெள்ளைப் பட்டையைப் பிடித்துக் கொண்டு அரை மணி போய், அரை மணி திரும்பி வாருங்கள். புடவையைச் சற்றுத் தூக்கிக் கட்டிக் கொண்டு, நல்ல ஜோடு போட்டுக் கொள்ளுங்கள். திரும்பி வரும்போது களைப்பாக இருந்தால் பிக் மெடோஸ் கடையில் ப்ளாக்பெர்ரி போட்ட மில்க் ஷேக் கிடைக்கும்.

பெண்ணிடம் இன்றைக்கே டெலிபோனில் பேசுங்கள். அந்தக் காருக்கு இரண்டாவது சாவி வீட்டில் இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் கேளுங்கள். ஏன் என்று அவள் கேட்பாள். அப்போது மற்றதைச் சொல்லுங்கள்.