ஓய்வில்லாதவன் எப்படி ஓடுவான்?

"மூட்டை தூக்குறவனுக்கு மாரத்தான் ஒரு கேடா?"

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் நம் காதில் விழுந்த கேள்வி இது. கேட்டவர் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். கேட்கப்பட்டவர் நம் தோழர், விவசாயத் தொழிலாளி. நடவுக்கு நாற்றுக்கட்டு சுமப்பார். அறுவடைக்கு நெல் மூட்டை சுமப்பார். நுரையீரலில் காசநோய் கண்டு, ஆறு மாதம் நாள் தவறாமல் மாத்திரை விழுங்கி, சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பி நான்கு மாதம் ஆகிறது.

"செத்துப் பொழைச்சவன் அண்ணே நான். ஒரு தடவை முழுசா ஓடிப் பாத்துடணும்" என்றார் நம்மிடம். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

மாரத்தான் என்பது 42 கிலோமீட்டர் 195 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் வாசலில் புறப்பட்டு, அய்யம்பேட்டை, பாபநாசம், தாராசுரம் எல்லாம் கடந்து, குடந்தை மகாமகக் குளத்தைத் தொட்டாலும் கணக்குத் தீராது. இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். பஸ்ஸில் போனாலே அலுப்புத் தட்டும் தூரம். நோயிலிருந்து எழுந்தவர் இதற்கு ஆசைப்படலாமா? படலாம் என்பதே நம் கட்சி.

முதலில் கேலி பேசியவருக்குப் பதில். "உழைக்கிறவனுக்கு அவன் வேலையே பயிற்சி, தனியாக ஓட்டம் எதற்கு?" என்பது படித்தவர்களும் பேசும் வாதம், நம் தோழர்களில் சிலர்கூட நம்பும் வாதம். டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் ஓடியாடுகிறவர்களிடம் மாரடைப்பு குறைவாகக் காணப்பட்டது. வேலையில் உடம்பை முறிப்பவர்களிடம் அது அதிகமாகக் காணப்பட்டது. வியர்வை ஒன்றுதானே, ஏன் இந்த வேற்றுமை? ஓடுகிறவன் இளைத்தால் நிற்பான். லாரி காத்து நிற்கும்போது மூட்டை தூக்குகிறவன் நிற்க முடியுமா? ஓடுகிறவன் மறுநாள் ஓய்வெடுப்பான். தூக்குகிறவனுக்கு மறுநாளும் மூட்டைதான். கூடத் தூக்குவதால் உடம்பு வளர்வதில்லை; தூக்கியதற்குப் பின் கிடைக்கும் ஓய்விலும் சோற்றிலும்தான் வளர்கிறது. இது தெரியாமல்தான் "வேலையே பயிற்சி" என்கிறார்கள்.

நோயாளி ஓடலாமா என்பதற்கும் உலகம் எப்போதோ விடை கண்டுவிட்டது. மாரடைப்பு வந்தவனை வாரக்கணக்கில் கட்டிலைவிட்டு இறங்கவிடாமல் கிடத்திய காலம் ஒன்று உண்டு. கனடா நாட்டின் டொரண்டோ நகரில் டெரன்ஸ் கவானா என்ற டாக்டர் அந்த வழக்கத்துக்கு மாறாக நடந்தார். மாரடைப்பிலிருந்து மீண்டவர்களை முதலில் நடக்கவிட்டார், தூரத்தை மெல்ல மெல்லக் கூட்டினார், பிறகு ஓடவிட்டார். 1973இல் அவருடைய நோயாளிகள் சிலர் பாஸ்டன் மாரத்தானில் போய் ஓடினார்கள்.

நம் நாட்டிலேயே மா. சுப்பிரமணியன் இருக்கிறார். சென்னை மேயராக இருந்தவர். 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானவர். நீரிழிவு உள்ளவர். சாலை விபத்தில் கால் மூட்டு நொறுங்கியவர். ஐம்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்கி, 21 கிலோமீட்டர் ஓட்டங்களை நூற்றுக்கு மேல் முடித்திருக்கிறார். அவர் எந்தக் கட்சி என்பது இங்கே பேச்சல்ல. பாராட்டுகிறோம். ஆனால் அமைச்சர் விடியற்காலையில் ஓடிவிட்டு வந்தால் அன்றைய சோற்றுக்குப் பங்கம் இல்லை. நம் தோழரின் கதை வேறு.

சரி, அவர் எப்படித் தொடங்குவது? டெல்டாக்காரனுக்கு இதைப் புரியவைப்பது எளிது. நாற்றங்காலில் பறித்த நாற்றை வயலில் நட்டதும் அது நிமிர்ந்தா நிற்கிறது? வாடிச் சாய்ந்து, மஞ்சளித்து, சில நாள் கழித்துத்தான் வேர் பிடித்துப் பச்சை கட்டுகிறது. நட்ட மறுநாளே தூர் கட்டவில்லையே என்று எவனாவது கோபிப்பானா? நோயிலிருந்து எழுந்த உடம்பும் நட்ட நாற்றுதான். காசநோய் குணமான பிறகும் பலருக்கு நுரையீரலில் வடு நிற்கும். மூச்சு முன்போல் வராது. ஆகவே முதல் வேலை, டாக்டரிடம் போய் மூச்சுத் திறனையும் இதயத்தையும் சோதித்துக்கொள்வது. அவர் சரி என்ற பிறகு நடை. கல்லணைக் கால்வாய்க் கரையில், வெயில் ஏறுவதற்கு முன், அரைமணி நடை. பிறகு ஐந்து நிமிடம் நடந்து ஒரு நிமிடம் ஓடுவது. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச்சு தடைப்பட்டால் வேகம் அதிகம். ஒரு வாரத் தூரத்துக்கு மேல் மறுவாரம் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் கூட்டுவது ஓட்டக்காரர்களின் கைக்கணக்கு. மார்பு வலித்தாலும், சளியில் ரத்தம் கண்டாலும் அன்றே ஓட்டத்தை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

இப்படிச் சில மாதம் போய், நிற்காமல் பத்துக் கிலோமீட்டர் ஓடும் நிலை வந்த பிறகுதான் மாரத்தான் பயிற்சியே தொடங்கும். அதற்கு நான்கைந்து மாதம். ஒரு சம்பாப் பயிரின் வயது. வாரம் ஒருநாள் நீண்ட ஓட்டம், இரண்டு மூன்று நாள் சிறு ஓட்டம், மற்ற நாள் ஓய்வு. கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துவிட வேண்டும். அறுவடைக்கு முன் வயலில் நீரை வடிப்பதில்லையா, அதைப் போல. பயிற்சிக் காலத்தில் முட்டை, மீன், பயறு, கடலை என்று ஏதாவது ஒன்று நாள்தோறும் தட்டில் விழ வேண்டும்.

தோழர்கள் கவனிக்க வேண்டும். இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் ஓட்டம் இல்லை, ஓய்வும் உணவும்தான். நம் தோழரிடம் இல்லாதவையும் அவைதாம். சிகிச்சை தொடங்கி இரண்டாம் மாதமே அவர் மூட்டைக்குப் போய்விட்டார். இருமல் நின்றது, பசி வந்தது, வீட்டில் அரிசி இல்லை, போனார். நல்லவேளை, மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை.

காசநோய்க்காரர்களை செங்கிப்பட்டி போன்ற இடங்களில் மாதக்கணக்கில் தங்கவைத்த காலம் போய்விட்டது. அதைப் போக்கியது சென்னைச் சேத்துப்பட்டில் நடந்த ஆராய்ச்சி. 1956இல் தொடங்கி, சென்னை நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானட்டோரியத்திலும், மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம், இடம் நெருக்கடி, உடலுழைப்பு அதிகம். அப்படியிருந்தும் ஏறக்குறைய சம அளவில் குணமடைந்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. உலகமே தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. நம் மண்ணின் பெருமை அது, ஐயமில்லை. ஆனால் அந்த ஆராய்ச்சி சொன்னது, மருந்து கிருமியைக் கொல்லும் என்பது. நோயாளிக்குச் சோறும் ஓய்வும் வேண்டாம் என்று அது சொல்லவில்லை. கட்டிலை எடுத்தவர்கள், கட்டிலோடு வந்த மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் பதிலாக என்ன கொடுத்தார்கள்?

பஞ்சாலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. நோய் வந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம். காசநோய் போன்ற நீண்ட நோயானால் 80 சதவீதம், இரண்டாண்டு வரை. அந்தத் தொழிலாளி படுத்திருக்கலாம். பிறகு மெல்ல எழுந்து நடக்கலாம். சேற்றில் நின்று அவருக்கும் நமக்கும் சோறு போடுகிறவருக்கு இந்த ஏற்பாடு இல்லை. காசநோயாளியின் சத்துணவுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாய் வந்தது. 2024 நவம்பரில் அது 1000 ஆயிற்று. வேண்டாம் என்று சொல்லவில்லை. அது முட்டைக்கும் கடலைக்கும் ஆகும். அந்த மாதம் முழுவதும் இழந்த கூலிக்கு ஆகுமா? மருந்து சாப்பிடும் ஆறு மாதமும், அதன்பின் உடம்பு தேறும் மூன்று மாதமும், விவசாயத் தொழிலாளிக்குக் கூலியில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம். ஆலைத் தொழிலாளி போராடிப் பெற்றதைத்தான் வயல் தொழிலாளிக்கும் கேட்கிறோம்.

தோழர் இப்போது டாக்டரின் சம்மதத்தோடு கால்வாய்க் கரையில் நடக்கிறார். நடுநடுவே இருநூறு மீட்டர் ஓட்டம். கிளைத் தோழர் ஒருவர் பழைய கேன்வாஸ் ஷூ கொடுத்திருக்கிறார்; ஒரு எண் பெரிது, துணி வைத்துக் கட்டிக்கொள்கிறார். முதலில் ஐந்து கிலோமீட்டர், பிறகு பத்து, 42 எல்லாம் அதற்குப் பிறகு என்று சொல்லியிருக்கிறோம். தலையாட்டினார். தை பிறந்ததும் சம்பா அறுவடை. கொள்முதல் நிலையத்தில் மூட்டை அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த இரண்டு மாதம் என்ன செய்வது என்று கேட்கிறார். நம்மிடம் இன்னும் விடை இல்லை.