70 வளைவு ஏறத் தெரியும்... கீழே விழுந்தவரைத் தூக்கத் தெரியுமா?

சனிக்கிழமை விடியற்காலையில் காரவள்ளி அடிவாரத்தில் நின்று பார்த்தால் தெரியும். சேலம், ஈரோடு, கோவை, பெங்களூரு என்று ஊர் ஊராகப் பதிவெண் போட்ட பைக்குகள் வந்து நிற்கும். டீ குடிப்பார்கள், பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார்கள், ஹெல்மெட்டில் கேமராவை மாட்டுவார்கள். பிறகு ஒவ்வொன்றாக மேலே கிளம்பும். நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்கு இந்தப் பாதையில் போனால் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ரைடர்களுக்கு இது ஒரு பரீட்சை மாதிரி. ஏறி முடித்தவர் ஸ்டேட்டஸ் போடாமல் தூங்க மாட்டார்!

ஜாக்கெட், கையுறை, முழங்கால் பேட், பூட்ஸ் என்று பல ஆயிரம் செலவு செய்து வருகிறவர்கள் இப்போது அதிகம். நல்ல விஷயம்தான். ஆனால் பத்து பேர் கொண்ட குழுவில், முன்னால் போகிறவர் விழுந்தால் முதல் ஐந்து நிமிடம் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர் எத்தனை பேர்? ஒருவராவது இருந்தால் அது அதிர்ஷ்டம்.

கொல்லிப்பாவை சிரித்தே ஆளைக் கொல்லும் என்பது பழங்கதை. இன்றைக்கு அந்த வேலைக்கு வளைவில் சிந்திக் கிடக்கும் ஒரு கைப்பிடி மணல் போதும். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடாகி, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது.

முதலில் செய்யும் தப்பு

விபத்து நடந்ததும் நம் ஊரில் என்ன நடக்கும்? கூட்டம் கூடும். "தண்ணி கொடுங்க", "சோடா வாங்கிட்டு வாங்க" என்று குரல் வரும். ஒருவர் ஹெல்மெட்டைப் பிடித்து இழுப்பார். இருவர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, கிடைத்த வண்டியில் மடக்கி உட்கார வைப்பார்கள். எல்லோருக்கும் நல்ல மனசுதான். ஆனால் கழுத்து எலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், இப்படித் தூக்குவதிலேயே தண்டுவடம் சேதமாகி, பிழைத்தாலும் வாழ்நாள் முழுக்கப் படுக்கையாகிவிடக்கூடும். மயங்கிக் கிடப்பவர் வாயில் ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகும்.

பயிற்சி எடுத்தவர் வேறு மாதிரி செய்வார். முதலில் மேலிருந்தும் கீழிருந்தும் வருகிற வண்டிகளை நிறுத்த வளைவின் இரு பக்கமும் ஆள் அனுப்புவார். கொண்டை ஊசி வளைவில் இதை மறந்தால், உதவ வந்தவரும் அடிபடுவார். பிறகு மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பார். சீராக மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைத் தொட மாட்டார், கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிடுவார். மூச்சு இல்லை அல்லது திணறுகிறது என்றால்தான் ஹெல்மெட் கழற்ற வேண்டும். அதற்கும் இரண்டு பேர் வேண்டும். வாரைக் கழற்றிவிட்டு, ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் மெதுவாக உருவ வேண்டும். இதை வீடியோவில் பார்த்தால் சுலபமாகத் தெரியும். கையால் ஒருமுறை செய்து பார்த்தால்தான் எவ்வளவு சிரமம் என்று புரியும்.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. காபித்தூள் வேண்டவே வேண்டாம். கொல்லிமலையில் காபி விளைகிறது என்பதற்காக அதைக் காயத்தில் அப்ப வேண்டியதில்லை!

மூச்சும் அசைவும் நின்றுவிட்டால் சி.பி.ஆர். மார்பின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஆக்சிஜன் கிடைக்காத மூளை சில நிமிடங்களிலேயே சேதமடையத் தொடங்கிவிடும். மலை மேல் செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய காயம் என்றால் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சேலத்துக்கோ போக வேண்டியிருக்கும். ஆம்புலன்ஸும் அதே வளைவுகளைத்தான் ஏறி இறங்க வேண்டும். அதுவரை அந்த உயிர் பக்கத்தில் நிற்கிறவர் கையில்தான்.

இது பைக்கர்களுக்கு மட்டுமான விஷயமும் இல்லை. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது யாருக்கும் பயம் வராது. குளித்துவிட்டு ஈரத் துணியோடு ஏறி வரும்போதுதான் மூச்சு வாங்கும். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தால் 'வாயுப் பிடிப்பு' என்று தேய்த்துவிட்டுக் கொண்டிருக்காமல், அவரை நடக்க விடாமல் உட்கார வைத்து, உடனே 108-க்கு அழைக்க வேண்டும்.

குரங்கணி சொன்னது

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்தும் மலையேறப் போனவர்கள் நடுவில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சம்பவ இடத்திலேயே உயிர் போனவர்களைவிட, மருத்துவமனையில் நாள் கணக்கில் போராடி இறந்தவர்கள் அதிகம். உதவிக்கு முதலில் ஓடியவர்கள் உள்ளூர் மக்கள்தான். போர்வையில் டோலி கட்டி, காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் பின்னால்தான் வந்தன.

முதலுதவி தெரிந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது நேர்மையாகாது. அந்தத் தீ அப்படி. ஆனால் தீ மேட்டை நோக்கித்தான் வேகமாகப் பரவும், நைலான் துணி உருகித் தோலில் ஒட்டினால் பிய்க்கக் கூடாது, தீக்காயத்தில் பேஸ்ட் தடவாமல் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் மலை ஏறும் முன் தெரிந்திருக்க வேண்டியவை.

குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. அங்கே வழிகாட்டியோடுதான் போக முடியும். பைக் ரைடுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை ரைடு ரெடி. ஜெர்மனியில் முதலுதவி வகுப்பு முடித்த சான்று இல்லாமல் டிரைவிங் லைசென்ஸே கிடைக்காது. நம் ஊர் டிரைவிங் ஸ்கூல் பாடத்திட்டத்திலும் முதலுதவி இருக்கிறது. 'எட்டு' போட்டுப் பழகிய ஞாபகம் எல்லோருக்கும் இருக்கும். இந்த வகுப்பு நடந்த ஞாபகம் யாருக்காவது இருக்கிறதா?

செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகள் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. குழுவாகக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு ரைடைத் தள்ளிப்போட்டால் போதும்.

'உதவப் போய் போலீஸ், கோர்ட்டு என்று அலையணுமா?' என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தில் உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர், விலாசம் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது. தமிழகத்துக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு வரம்புக்குட்பட்டு அரசே பணம் கட்டும்.

குழுவாகப் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்கலாம். முதலுதவி தெரிந்தவரும் பெட்டியும் பெரும்பாலும் லீடர் வண்டியில் முன்னால் போய்விடுகிறார்கள். விழுகிறவர் பின்னால்தான் இருப்பார், லீடர் பத்து வளைவு தாண்டிய பிறகுதான் திரும்பிப் பார்ப்பார். தெரிந்தவர் கடைசி வண்டியில் வரட்டும். அப்போதுதான் விழுந்தவரைத் தாண்டி அவர் போக வாய்ப்பே இல்லை.

108-க்கு அழைக்கும்போது 'கொல்லிமலை ரோடு' என்று மட்டும் சொன்னால் தேடுவதிலேயே நேரம் போய்விடும். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். 'காரவள்ளியிலிருந்து மேலே, 42-வது வளைவு' என்று சொல்லுங்கள். சில இடங்களில் சிக்னல் கிடைக்காது. அங்கே ஒருவரை எண்ணோடு கீழேயோ மேலேயோ அனுப்பிவிட்டு, மற்றவர்கள் காயம்பட்டவர் பக்கத்திலேயே இருங்கள்.