யாஸ்மின் எடுக்காமல் போன படமும் நம் பாட்டிமார் கதையும்

எடுக்கப்படாமல் போன படம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ‘மருதநாயகம்’தான். 1997-இல் சென்னையில் எலிசபெத் மகாராணியின் முன்னிலையில் தொடங்கப்பட்டு, பணம் போதாமல் நின்றுபோன கமல்ஹாசனின் கனவுப் படம் அது. அந்தத் தொடக்க விழா நடந்தபோது என் வயதுக்காரர்கள் பிறக்கவே இல்லை. ஆனாலும் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். அதே நண்பர்களிடம், நம் ஜொகூர் மண்ணில் பிறந்த ஓர் இயக்குநர் எடுக்காமல் போன படங்களைப் பற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள்.

அந்த இயக்குநர் யாஸ்மின் அகமட். 1958-இல் மூவாரில் பிறந்தவர். விளம்பரத் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். பெருநாள் காலங்களில் வந்த பெட்ரோனாஸ் விளம்பரங்கள் மூலம் நாடு முழுவதும் அறியப்பட்டவர். அவருடைய முதல் படமான ‘ரபுன்’ வெளிவந்தபோது அவருக்கு வயது 45. அடுத்த ஆறே ஆண்டுகளில் ‘செபெட்’, ‘குப்ரா’, ‘முக்சின்’, ‘முவாலாஃப்’, ‘டேலன்டைம்’ என ஐந்து படங்களை எடுத்தார். 2009 ஜூலை 25-ஆம் தேதி, மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் 51 வயதில் காலமானார்.

அப்போது அவர் இரண்டு படங்களுக்கான வேலையில் இருந்தார். ஒன்று, சிங்கப்பூரில் எடுக்கவிருந்த ‘கோ, தெடியஸ்!’. நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டியில் ஈடுபட்டு, 2007-இல் தேர்வுப் பந்தயத்தை ஓடி முடித்ததும் மயங்கி விழுந்து இறந்த 17 வயது சிங்கப்பூர் வீரரின் கதை அது. மற்றொன்று ‘வசுரெனகுசா’. ‘என்னை மறவாதே’ எனப் பொருள்படும் ஒரு பூவின் ஜப்பானியப் பெயர் அது. யாஸ்மினின் தாய்வழிப் பாட்டி ஜப்பானியப் பெண். அந்தப் பாட்டியின் நினைவிலிருந்து பிறந்த கதை.

இதில் நமக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். ‘டேலன்டைம்’ பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அந்தப் படத்தின் நாயகன் மகேஷ், காது கேளாத ஓர் இந்து இளைஞன். அவனுடைய வீட்டில் தமிழ் ஒலிக்கிறது. தம்பியைப் பறிகொடுத்த அவனுடைய தாயின் துக்கமும் கோபமும் படத்தின் மையத்தில் நிற்கின்றன. நம் வீட்டுக் கூடத்தை இப்படி அக்கறையோடு எட்டிப் பார்த்த மலாய் இயக்குநர்கள் மிகக் குறைவு. நாயகனாக ஓர் இந்தியப் பையனைக் காட்டிவிட்டு அவனுக்குப் பேச்சையே கொடுக்கவில்லையே என்று ஒரு தோழி என்னிடம் வாதிட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் மகேஷ் பேசாவிட்டாலும் அவனுடைய தாய் பேசுகிறாள். அவளை வில்லியாக்காமல், அவளுடைய வலிக்கும் காரணம் உண்டு என்று காட்டிய நேர்மையே அந்தப் படத்தின் பலம் என்பது என் கருத்து.

அதனால்தான் ‘வசுரெனகுசா’ வராமல் போனதைப் பெரிய இழப்பாக நினைக்கிறேன். ‘ஜப்பான்காரன் காலம்’ என்றால் நம் குடும்பங்களில் என்ன நினைவு வரும்? மரவள்ளிக் கிழங்கும் சயாம் மரண ரயிலும். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அங்கு கொண்டு செல்லப்பட்டனர். திரும்பி வராதவர்கள் ஏராளம். இப்படிப்பட்ட நாட்டில், ஒரு ஜப்பானியப் பாட்டியை அன்போடு நினைக்கும் ஒரு மலாய்ப் பேத்தியின் படம் வந்திருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்? ஒருவேளை கோபம் வந்திருக்கும். ஒருவேளை, எங்கள் கதையையும் கேளுங்கள் என்று யாராவது கேமராவைத் தூக்கியிருப்பார்கள். அந்த உரையாடலே நடக்காமல் போய்விட்டது.

மரண ரயில் பற்றி உலகம் அதிகம் அறிந்த படம் 1957-இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’. அதன் கதை பிரிட்டிஷ் போர்க்கைதிகளைப் பற்றியது. அங்கே மடிந்த தோட்டத் தமிழருக்கு அதில் இடமில்லை. நம் கதையை நாம் சொல்லாவிட்டால் பிறர் தங்கள் கதையைத்தான் சொல்வார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

எடுக்கப்படாத படங்களிலும் வேறுபாடு உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ கதையை 1950-களின் இறுதியிலேயே படமாக்க நினைத்தார் எம்.ஜி.ஆர். முடியவில்லை. மணிரத்னம் எடுத்த படத்தின் முதல் பாகம் 2022-இல் வெளிவந்தது. இடையில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியும் அது சாத்தியமானதற்குக் காரணம், கல்கியின் நாவல் அச்சில் இருந்தது. நம்மிடமும் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் இருக்கிறது. நாளை யார் வேண்டுமானாலும் அதிலிருந்து தொடங்கலாம். ஆனால் ஒரு பாட்டியின் நினைவு அப்படி அல்ல. சொல்பவர் போனால் கதையும் போய்விடும். யாஸ்மினின் படத்தை வேறொருவர் எடுத்தாலும் அது வேறொரு படமாகத்தான் இருக்கும்.

பணம் இல்லை, ஆதரவு இல்லை, தமிழில் எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்ற பேச்சுகளில் உண்மை இல்லாமல் இல்லை. நம் சந்தை சிறியது. ஆனால் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’, பெரும்பாலும் தமிழிலேயே பேசும் படம், 2016-ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்திற்கான விருதை வென்றது. மொழி வாரியாகப் படங்களைப் பிரிப்பதா என்ற பெரிய சர்ச்சைக்குப் பிறகு கிடைத்த வெற்றி அது. கதவு இறுக்கமானதுதான். ஆனால் பூட்டப்பட்டதல்ல.

படம் எடுக்கக் காசு வேண்டும். கதையைக் காப்பாற்றக் காசு வேண்டாம். ஒரு கைப்பேசியும் ஒரு மாலைப் பொழுதும் போதும். பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் உள்ள நம் தமிழ் மாணவர் அமைப்புகள் ஆண்டுதோறும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளைத் திறம்பட நடத்துகின்றன. அந்த உழைப்பில் ஒரு பங்கை முதியவர்களின் குரலைப் பதிவு செய்வதற்கு ஒதுக்கலாம். லாபிஸிலும் குளுவாங்கிலும் தோட்ட வாழ்க்கையைக் கண்ட தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். பதிவு செய்ததை எழுத்தில் பெயர்த்து நூலகத்தில் வைத்தால், அதுவே ஒரு நாள் திரைக்கதைக்கு அடித்தளமாகும்.

பெற்றோரை மனத்தில் வைத்து ‘ரபுன்’ எடுத்துத் தொடங்கியவர் யாஸ்மின். பாட்டியின் கதைக்கு வந்து சேர்வதற்குள் அவருக்கு நேரம் முடிந்துவிட்டது. நம் பாட்டிகளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அடுத்த பள்ளி விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது, “அந்தக் காலத்துல என்ன நடந்துச்சு பாட்டி?” என்று கேட்டுவிட்டு, கைப்பேசியில் பதிவுப் பொத்தானை அழுத்துவோம்.