சிரிப்புக்குப் பின்னே வலி

விமானப் பணிப்பெண் என்றால் சிரித்த முகம்தான் நினைவுக்கு வரும். அவர் இடுப்பு வலி யாருக்குத் தெரியும்?

1930-ம் ஆண்டு அமெரிக்காவில் முதல் விமானப் பணிப்பெண்ணாக எல்லன் சர்ச் வேலையில் சேர்ந்தார். அவர் ஒரு நர்சு. பிறர் நோவைக் கவனிக்க வந்த வேலை அது. இன்று அந்த வேலையே நோவைத் தருகிறது.

சாப்பாடு நிறைந்த தள்ளுவண்டி ஓர் ஆள் கனம் இருக்கும். பறக்கும் விமானத்தின் மூக்கு சற்றே தூக்கி நிற்கும். அதனால் வண்டியை முன்பக்கம் தள்ளுவது, மேட்டில் தள்ளுவது போலத்தான். குனிந்து பரிமாற வேண்டும். பயணிகளின் பெட்டிகளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். தோள், கழுத்து, இடுப்பு என்ன ஆகும்?

"வெறும் அசதி" என்று கம்பெனிகள் தட்டிக்கழிக்கக் கூடாது. வேலையால் வந்த நோவு என்று ஏற்று, வைத்தியமும் ஓய்வும் தரவேண்டும்.

பயணிகளுக்கும் பங்கு உண்டு. உடம்பில் தெம்பு உள்ளவர்கள் தங்கள் பெட்டியைத் தாங்களே தூக்கி வைக்கலாமே!