தெருவிளக்கும் தாசில்தாரும்



பிள்ளைகளைக் கண்டிக்கும்போது எம்மவர் எடுத்துச் சொல்லும் கதை ஒன்று உண்டு. "தெருவிளக்கின் கீழ் இருந்து படித்து ஒருவர் ஐக்கோர்ட் நீதிபதியானார். உனக்கு என்ன குறை?" என்பார்கள். அந்த ஒருவர் சர் தி. முத்துசாமி ஐயர். விளக்கை நினைவில் வைத்திருக்கும் நாம், அவர் வாழ்வில் வந்த தாசில்தாரை மறந்துவிட்டோம்.

ஐயர் 1832இல் தஞ்சைப் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே கிராமக் கணக்கு வேலைக்கு மாதம் ஒரு ரூபா சம்பளத்தில் சேர்ந்தார். அங்கே முத்துசாமி நாயக்கர் என்ற தாசில்தார் பையனின் கூர்மையைக் கண்டார். "கெட்டிக்காரன்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போகவில்லை. நாகப்பட்டினத்தில் பாதிரிமார் பள்ளியில் படிக்க வைத்து, பின்னர் சென்னைக்கும் அனுப்பினார். 1854இல் அந்தப் பையன் ஆங்கிலக் கட்டுரைக்கு 500 ரூபா பரிசு பெற்றான்.

முன்சீப், டிப்டி கலெக்டர், போலீஸ் மாஜிஸ்திரேட் எனப் படிப்படியாக உயர்ந்தார். மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது, இந்தியர் ஒருவரை அடித்த ஐக்கோர்ட் நீதிபதியையே நேரில் வரவழைத்து மூன்று ரூபா அபராதம் விதித்தார் என்று அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. 1878இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக அவர் நியமனம் பெற்றதை வெள்ளையர் பத்திரிகைகள் தாக்கின. அதற்கு மறுமொழி சொல்லவே ஆறு இளைஞர் கூடி அவ்வாண்டில் 'தி இந்து' பத்திரிகையைத் தொடங்கினர். 1891இல் மலபார் திருமண விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தார்; 1893இல் தற்காலிகப் பிரதம நீதிபதியாகவும் இருந்தார். 1895 ஜனவரியில் காலமாகும்வரை நீதிபதிப் பதவியிலேயே இருந்தார்.

ஐயரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாசில்தார் கண்ணில் படாதிருந்தால் அந்த உழைப்பு கிராமக் கணக்கோடு முடிந்திருக்கும்.

இங்கே வோபர்னில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை. தாயும் தகப்பனும் மாறி மாறி இரவு வேலைக்குப் போகும் வீடுகளை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்குத் தெருவிளக்குக் கதை சொல்வது புத்திமதி அல்ல. நம் கடமையைத் தட்டிக்கழிப்பது.

ஆகவே நிர்வாக சபைக்கு ஒரு விண்ணப்பம். சனிக்கிழமைகளில் பூசை முடிந்தபின் மண்டபத்தை இரண்டு மணி நேரம் படிப்புக்கு ஒதுக்குங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், கணக்காளர், பொறியியலாளர் நம்மிடையே பலர் உள்ளனர். கோயில் வழிபாட்டுக்கு மட்டுமே என்பார் சிலர். ஊர்க் கோயில் திண்ணையிலும் மடத்திலும் ஏடு படித்த பரம்பரை நம்முடையது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

உயிரியலும் இரசாயனமும் சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன். வருகிற பிள்ளைகள் எல்லோரும் டாக்டராகவோ நீதிபதியாகவோ வரவேண்டும் என்பதில்லை. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, கவனிக்க ஆளில்லாமல் வீணாகப் போகக்கூடாது. அவ்வளவுதான்.